தம்பிராசாவுக்குத் தரம் விளங்கிய கதை

இரும்புச்சத்துக் குளிசை ஒரு போத்தல் வாங்க ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? சட்டைப்பையில் கொஞ்சம் காசு, திறந்திருக்கும் ஒரு கடை, முகத்தைச் சுளிக்காமல் எடுத்துத் தரும் ஒரு கடைக்காரன். தம்பிராசாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தம்பலகாமத்திலிருந்து திருகோணமலைக்கு பஸ் ஏறினான். பாவம், அப்போது அவனுக்கு ஒன்றுமே விளங்கியிருக்கவில்லை.

அவன் உழவு மெசின் ஓட்டுகிறவன். மனைவி புஸ்பராணிக்கு ஆறாம் மாதம் முடிகிறது. கல்யாணம் கட்டி, ஏறாத கோயிலெல்லாம் ஏறி, இனி இல்லை என்று ஊரே கைகழுவிவிட்ட பிறகு உண்டான பிள்ளை. அன்று காலையில்தான் ஊரே ‘மிஸி’ என்று கூப்பிடும் மருத்துவிச்சி குணேஸ்வரி வந்து புஸ்பராணியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பார்த்தவள் முகம் இருண்டது. தம்பிராசாவை வேலியடிக்குக் கூப்பிட்டாள்.

“கண்ணுக்குள்ள ஒரு துளி சிவப்பில்லை, தம்பிராசா. இந்த இரத்தத்தோட பிள்ளை பெறுறதெண்டா எனக்குப் பயமாக்கிடக்கு. எங்களிட்டக் குளிசை முடிஞ்சு போச்சு, கப்பல் வந்தாத்தான் வரும். டவுனில வாங்கிக்கொண்டு ஓடி வாங்கோ.”

“முருங்கையிலை குடுக்கிறன் மிஸி.”

“அதையும் குடுங்கோ. ஆனா இலையை மட்டும் நம்பி இருக்க ஏலாது. இண்டைக்கே துவங்கினாத்தான் பெறுற நேரத்துக்கு உடம்பில இரத்தம் ஊறும். பிந்தினா என்னைப் பேசாதேங்கோ.”

தம்பிராசா முகம்கூடக் கழுவாமல் பஸ்ஸுக்கு ஓடினான்.

கடைத்தெருவில் ஜெமீலின் பாமசி திறந்திருந்தது. ஜெமீல் பழக்கமான ஆள். ஒவ்வொரு போகத்துக்கும் தம்பிராசாவிடம் நெல் வாங்குகிறவன். விசயத்தைக் கேட்டதும் தட்டின் மூலையில் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தான்.

“இதான் கடைசி, தம்பிராசாண்ணன். குளிசை நல்ல குளிசை. மூடிதான் கொஞ்சம் வெடிச்சிரிக்கி. பொறுங்க.” காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி மூடியின் வெடிப்பில் ஒட்டினான். பெருவிரலால் நன்றாக அழுத்திவிட்டுத்தான் கொடுத்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

“ஆனா அண்ணன், இதக் கொண்டு போக விடமாட்டாங்களே. கண்டி ரோட்டு ஆமிச் சென்றியில சட்டம் மாறிட்டு. மருந்துக்குச் சபையின்ட சீல் வேணுமாம்.”

“எந்தச் சபை?”

ஜெமீல் பெருமூச்சு விட்டான். “போய்ப் பாருங்க. உங்களுக்கே விளங்கும்.”

அந்தச் சபையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. துறைமுகப் பக்கம் கிளினிக் வைத்திருந்தவர் டொக்டர் ஞானசேகரம். சண்டை தொடங்கி வெளியூர் நோயாளர் வருவது குறைந்த பிறகு, ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அவர் கையில் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு கட்டுரை. சத்துக் குளிசைகளில் தரமானது எது, தரமற்றது எது என்று நோயாளிகளுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவர்களுக்கு விளங்கவைக்க வேண்டும் என்றது முதல் பாதி. விளங்கிய நோயாளி தன் வைத்தியரிடமே வாங்குவதுதான் உத்தமம் என்றது மறுபாதி. முதல் பாதியை வாசித்தபோது டொக்டருக்குக் கண் கலங்கியதாம். மறுபாதியை வாசித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடி அலுமாரி செய்து தரும்படி தச்சனுக்கு ஆள் அனுப்பினாராம். இப்படிப் பிறந்ததுதான் ‘நோயாளர் தரம் விளங்கல் சபை’.

சபை பிறந்தால் போதுமா? சபைக்குப் பல் முளைக்க வேண்டாமா? சென்றிகளுக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவரிடம் டொக்டர் போனார். கண்டவனெல்லாம் மருந்து வாங்குவதால்தான் அது காட்டிலுள்ள இயக்கத்துக்குப் போகிறது, விளங்கியவன் வாங்கினால் நேரே வீட்டுக்குத்தான் போகும் என்று எடுத்துச் சொன்னார். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. டொக்டரின் சிங்களமோ அரைகுறை. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மிக நன்றாக விளங்கிக்கொண்டார்கள். அடுத்த கிழமையே சட்டம் வந்துவிட்டது: சபையின் ‘விளங்கியவர் அட்டை’யும் சீலும் இல்லாமல் ஒரு குளிசைகூடக் கண்டி ரோட்டுக் கப்பல்துறைச் சென்றியைத் தாண்டக்கூடாது.

தம்பிராசா கிளினிக் வாசலுக்குப் போனபோது அங்கேயும் ஒரு சென்றி இருந்தது. கதவின் இரண்டு பக்கமும் மண்மூட்டை அடுக்கி, குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலுக்குப் பின்னால் கதிரை போட்டுச் சபைச் செயலாளர் ஆனந்தராசா. களஞ்சியம் ஒன்றில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். வருகிறவர்களின் பைகளைச் சோதிக்கிற சுகம் இளைப்பாறிய பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

“பையைத் திறவும். என்ன இது?”

“குளிசை, ஐயா. சீல் போடலாமெண்டு வந்தனான்.”

“எங்க வாங்கினது?”

“ஜெமீலிட்ட.”

ஆனந்தராசா பாம்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்தார். பிறகு முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து, அதால் போத்தலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, உள்ளேயிருந்த கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அலுமாரியின் நெற்றியில் ‘தரமற்றவை’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. உள்ளே போத்தல்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

“ஐயா, அது என்ட போத்தல்!”

“முந்தி உம்மட போத்தல். இப்ப அது சான்றுப் பொருள்.”

“அப்ப அதை என்ன செய்வீங்கள்?”

“சபை முறைப்படி அழிக்கும். நீர் உள்ளுக்குப் போய் இரும். வகுப்புத் துவங்கப் போகுது.”

குளிசை வாங்க வந்தவனுக்கு என்ன வகுப்பு என்று தம்பிராசாவுக்கு விளங்கவில்லை. ஆனால் போத்தல் உள்ளே போய்விட்டது. ஆளும் அதன் பின்னால் போகாமல் என்ன செய்வான்?

உள்ளே வாங்குகளில் சனம் நிறைந்திருந்தது. மூச்சு முட்டு வருத்தக்காரர், மூட்டு வருத்தக்காரர், பச்சைப் பிள்ளைத்தாய்மார் என்று எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலக் கைகட்டி இருந்தார்கள். முதலில் தரமற்ற ரொனிக் குடித்து வாடியவர்களுக்காக மௌன அஞ்சலி. அடுத்தது சத்தியப் பிரமாணம். ‘விளங்கி வாங்குவோம், வைத்தியரிடமே வாங்குவோம்’ என்று வலது கையை நீட்டிச் சொல்ல வேண்டும். இருமல்காரர் ஒருவருக்கு ‘வைத்தியரிடமே’ வரும்போதெல்லாம் இருமல் வந்துவிட்டதால் எல்லோரும் நாலைந்து தரம் சத்தியம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

பிறகு டொக்டர் ஞானசேகரம் வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சப்பாத்து, கையில் சோக்கு.

“தரம் என்பது என்ன?” என்று தொடங்கினார். “தரத்துக்கு ஏழு இலட்சணங்கள் உண்டு. மூடி, லேபிள், நிறம், மணம், கிலுக்கும்போது வருகிற ஓசை, கரையும் தன்மை. இந்த ஆறும் சாதாரணமானவை. எந்த மூடனுக்கும் விளங்கும். ஏழாவதுதான் பிரதானம். அது குளிசையில் இல்லை. அதைத் தருகிறவரின் கையில் இருக்கிறது!”

எல்லோரும் கைதட்டினார்கள். தம்பிராசாவும் தட்டினான். தட்டிவிட்டுக் கையை உயர்த்தினான்.

“டொக்டர், என்ட மனிசிக்கு இரத்தம் காணாதாம். இண்டைக்கே குளிசை குடுக்கோணும். ஒரு போத்தல் தந்தீங்களெண்டா...”

டொக்டர் இரக்கத்தோடு சிரித்தார். “உமக்கு விளங்கீட்டுதா?”

தம்பிராசா பொய் சொல்லத் தெரியாதவன். “இல்லை டொக்டர்.”

“விளங்காதவனுக்கு மருந்து விற்பது என் மனச்சாட்சிக்கு விரோதம். அடுத்த புதன் வாரும்.”

அவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். புஸ்பராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிலையை விட்டால் தலை சுற்றுகிறதாம்.

“எங்க குளிசை?”

“முதல்ல தரம் விளங்கோணுமாம் புஸ்பம்.”

“ஆருக்கு?”

“எனக்கு.”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். “இஞ்சேருங்கோ, குளிசை திங்கப்போறது நான். உங்களுக்கு என்னத்துக்கு விளங்கோணும்?”

இதைவிடச் சரியான கேள்வி அந்தச் சபையின் சரித்திரத்தில் எழுந்ததே இல்லை. ஆனால் அவள் வகுப்புக்கு வரவில்லையே, கேட்பதற்கு!

அடுத்த புதன்கிழமை கரையும் பரிசோதனை. மேசையில் இரண்டு கிளாஸ், இரண்டிலும் வினாகிரி. ஒன்றில் கடைக் குளிசை, மற்றதில் சபைக் குளிசை. சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தது. கடைக் குளிசை மளமளவென்று கரைந்தது. சபைக் குளிசை கல்லுப்போல அப்படியே கிடந்தது. டொக்டர் கொஞ்சமும் அசரவில்லை.

“பார்த்தீர்களா! கடைச் சரக்குக்கு உறுதி இல்லை. தொட்டவுடன் கரைந்துபோகிறது. எங்கள் குளிசை எப்படி நிலைத்து நிற்கிறது, பாருங்கள்!”

கைதட்டல்.

அதற்கு அடுத்த புதன்கிழமை சபைக் குளிசை முந்திக் கரைந்தது.

“பார்த்தீர்களா! எவ்வளவு விரைவாக உடம்பில் சேர்கிறது! கடைச் சரக்கு கல்லாக் கிடக்கிறது!”

கைதட்டல் இன்னும் பெரிதாக எழுந்தது. தம்பிராசா பக்கத்திலிருந்த மூட்டு வருத்தக்காரரின் காதில், “போன கிழமை மாறியெல்லோ சொன்னவர்?” என்று கேட்டான்.

“தம்பி, நான் வைகாசியில இருந்து வாறன்,” என்றார் அவர். “கையைத் தட்டும்.”

வகுப்பு முடிந்ததும் வாய்மொழிப் பரீட்சை. டொக்டர் கதிரையில் சாய்ந்து, “குளிசை எதற்காக?” என்று கேட்டார்.

“என்ட மனிசிக்கு, டொக்டர்.”

“பிழை. குளிசை தரத்தை உணர்வதற்காக. போத்தலைக் கிலுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?”

“குளிசைச் சத்தம்.”

“பிழை. நம்பிக்கையின் ஓசை. ஏழாவது இலட்சணம் எது?”

“கை, டொக்டர்.”

“யாருடைய கை?”

தம்பிராசா யோசித்தான். வீட்டில் மருந்து மாயமெல்லாம் எடுத்துக் கொடுப்பவன் அவன்தானே. “என்ட கை,” என்றான்.

டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனந்தராசா உச்சுக்கொட்டி, “இந்த ஆள் ஏலாது சேர்,” என்றார்.

அதற்கடுத்த புதன்கிழமை கப்பல்துறைப் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு. பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிப் பின்னேரம்வரை பள்ளிக்கூட வளவில் இருத்திவிட்டார்கள். வியாழக்கிழமை தம்பிராசா கிளினிக்குக்கு ஓடிப்போய்க் காரணத்தைச் சொன்னான்.

“சுற்றிவளைப்பு நாட்டின் பிரச்சினை,” என்றார் ஆனந்தராசா. “வருகை முறிஞ்சது உம்மட பிரச்சினை. முதலாம் வகுப்பிலயிருந்து திரும்பத் துவங்கும்.”

அங்கேதான் தம்பிராசாவுக்கு முதல்முறையாக ஆத்திரம் வந்தது. நேரே ஜெமீலிடம் போனான். ஜெமீலுக்குப் புதுச் சரக்கு வந்திருந்தது. ஒரு பிடி குளிசையைத் தாளில் சுற்றி, சோற்றுப் பார்சலின் நடுவே, கத்தரிக்காய்க் கறிக்கு அடியில் வைத்துக் கட்டினான். ஆனால் சென்றியில் நின்ற ஆமிப் பெடியனுக்கு அன்று நல்ல பசியோ என்னவோ, பார்சலைக் கிளறிப் பார்த்துவிட்டான். குளிசை போனது, சோறும் போனது. தம்பிராசாவை மத்தியானம்வரை வெயிலில் இருத்தினார்கள். அது போதாதென்று சபைக்கும் அறிவித்துவிட்டார்கள். சபை கூடி, அவன் செய்தது ‘தரத் துரோகம்’ என்று தீர்மானித்து, வகுப்புக்கு மேலே ஒரு பச்சாத்தாப வகுப்பும் போட்டது. அதில் அவன் எழுந்து நின்று, கத்தரிக்காய்க் கறிக்கு அடியில் குளிசை வைப்பதால் தரத்துக்கு ஏற்படும் தீங்குகளைப் பற்றிச் சொந்த வசனத்தில் பேச வேண்டியிருந்தது. பேசினான். கைதட்டினார்கள்.

இப்படியே புதன்கிழமைகள் போயின. புஸ்பராணிக்குக் கால் வீங்கியது. கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு இளைத்தது. முருங்கை மரத்தில் இலையே மிஞ்சவில்லை, மொட்டையாக நின்றது. குணேஸ்வரி வந்து போகும்போதெல்லாம், “என்ன தம்பிராசா, குளிசை?” என்று கேட்பாள். “அடுத்த புதன், மிஸி,” என்பான். கடைசியில் அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வழி சொல்லித் தந்தவன் ஜெமீல்தான்.

“அண்ணன், நீங்க ஏன் யோசிச்சு யோசிச்சுப் பதில் சொல்றீங்க? அந்த மனிசன் என்ன கேட்டாலும் ‘டொக்டர் சொன்னாச் சரி’ எண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்டும் வாயில வரப்படாது.”

அடுத்த பரீட்சையில் தம்பிராசா அப்படியே செய்தான்.

“குளிசை எதற்காக?”

“டொக்டர் சொன்னாச் சரி.”

“தரமான குளிசை கரையுமா, கரையாதா?”

“டொக்டர் சொன்னாச் சரி.”

“உமக்கு விளங்கீட்டுதா?”

“டொக்டர் சொன்னாச் சரி.”

டொக்டர் ஞானசேகரம் கதிரையை விட்டு எழுந்தார். அவர் கண்ணில் நீர் துளிர்த்தது. “ஆனந்தராசா, பார்த்தீரா? கல்லைச் செதுக்கிச் சிலையாக்கியிருக்கிறம்!” என்றார். அந்த வருடத்தின் முதன்மை விளங்குநர் தம்பிராசாதான் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்.

“அப்ப போத்தலைத் தாங்கோ டொக்டர். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிடுவன்.”

“என்ன அவசரம்? ஆண்டு விழா வருகிறது. மேடையில், மாலை போட்டு, நானே என் கையால் தருவேன். அதுவரை பொறும்.”

“டொக்டர், அவவுக்கு நாள் கிட்டுது. பிந்தினா ஏலாதெண்டு மிஸி சொல்லுறா. கும்பிட்டுக் கேக்கிறன், இண்டைக்கே தாங்கோ.” அவன் மெய்யாகவே கும்பிட்டான்.

“விளங்கியவன் அவசரப்படமாட்டான்,” என்றார் டொக்டர். “அவசரப்படுகிறீரென்றால் உமக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். திரும்ப முதலாம் வகுப்பில் இருக்கிறீரா?”

தம்பிராசா கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

ஆண்டு விழா வந்தது. மண்டபம் நிறையத் தோரணம், வாசலில் நிறைகுடம், மேடையில் சோடாப் போத்தல்களோடு பிரமுகர்கள். மூட்டு வருத்தக்காரர் இன்னும் விளங்காதவர்களின் வரிசையில்தான் இருந்தார். டொக்டர் நீண்ட நேரம் பேசினார்.

“அன்பர்களே! இந்தச் சபை தொடங்கியபோது எங்கள் மக்கள் எங்கே எதை மலிவாகக் கண்டாலும் வாங்கினார்கள். வாங்கியதைத் தின்றார்கள். சிலர் சுகமும் அடைந்தார்கள்! என்ன அறியாமை! இன்று எங்கள் நோயாளிகள் விளங்காமல் ஒன்றையும் வாங்குவதில்லை. பலர் இன்னும் விளங்கிக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கவே இல்லை! தரத்தின்மேல் ஒரு சமுதாயத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியுமா? சிலர் கேட்கிறார்கள், குளிசையை வைத்தியர் ஏன் விற்க வேண்டுமென்று. நான் விற்கவில்லை. நான் விளங்கவைக்கிறேன். விளங்கியதன் அடையாளமாக அவர்கள் காசு தருகிறார்கள்!”

கைதட்டலில் தோரணம் ஆடியது.

தம்பிராசாவின் பெயர் கூப்பிடப்பட்டது. கழுத்தில் மாலை விழுந்தது. சட்டைப்பையில் விளங்கியவர் அட்டை செருகப்பட்டது. ஆனந்தராசா தட்டத்தில் பட்டுத்துணி விரித்து ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். தங்க நிறத் தாளில் சபையின் லேபிள் பளபளத்தது. டொக்டர் அதை இரண்டு கையாலும் எடுத்துத் தம்பிராசாவின் கையில் வைத்தார்.

தம்பிராசா மூடியைப் பார்த்தான். மூடியில் ஒரு வெடிப்பு இருந்தது. வெடிப்பின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர், அதில் ஜெமீலின் பெருவிரல் அழுத்திய பள்ளம்கூட அப்படியே இருந்தது.

“சொல்லும், சொல்லும்,” என்று மைக்கை அவன் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்கள்.

“இது என்ட போத்தல்,” என்றான் தம்பிராசா.

ஆனந்தராசா இருமினார். டொக்டர் மைக்கைப் பறித்துக்கொண்டார்.

“கேட்டீர்களா! ‘இது என் போத்தல்’ என்கிறான்! ஒரு நோயாளி குளிசையைத் தன்னுடையதாக உணர்கிற அந்த நிலை! நான் கண்ட கனவு இது!”

கைதட்டல் நிற்க வெகுநேரம் பிடித்தது. எழுந்து நின்று தட்டினார்கள். தம்பிராசாவுக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. ஆனால் பஸ் போய்விடும். அந்தப் போத்தலுக்கு இரண்டாந்தரமும் காசைக் கட்டிவிட்டு, மாலையோடு ஓடினான்.

கப்பல்துறைச் சென்றியில் பஸ்ஸை நிற்பாட்டிச் சனத்தை இறக்கினார்கள். வரிசையில் நின்ற தம்பிராசா, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு உழவு மெசின் வருவதைக் கண்டான். அவன் ஓட்டுகிற மெசினேதான். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிவந்தார். பின்னால் இழுபட்டு வந்த பெட்டிக்குள் வைக்கோலின் மேல் பாய் விரித்துப் புஸ்பராணி கிடந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு குணேஸ்வரி இருந்தாள்.

சென்றியில் நின்ற பெடியன் பெட்டிக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மூங்கிலைத் தூக்கி, போ, போ என்று கையைக் காட்டினான். தம்பிராசா வரிசையை விட்டு ஓடிப்போய்ப் பெட்டியில் தொற்றி ஏறினான்.

“வயித்துக் குத்துத் துவங்கீட்டுது,” என்றாள் குணேஸ்வரி. “நாளுக்கு முந்தி. நீங்கள் எங்க போனீங்கள்? கழுத்தில என்ன மாலை?”

அவன் போத்தலை நீட்டினான். குணேஸ்வரி மூடியைத் திறந்து ஒரு குளிசையை உள்ளங்கையில் போட்டு, உருட்டிப் பார்த்தாள்.

“நல்ல குளிசை,” என்றாள். “அண்டைக்கே குடுத்திருந்தா இவ இப்ப எழும்பியிருந்து கதைச்சிருப்பா. இப்ப இதைக் குடுத்து என்ன செய்ய?”

தம்பிராசா மாலையைக் கழற்றி ரோட்டில் எறிந்தான். புஸ்பராணியின் கையைப் பிடித்தான், கை குளிர்ந்திருந்தது. அழுகை வந்தது. அழுதான். மெசின் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓட்டமும் நடையுமாக அவளை உள்ளே கொண்டுபோனார்கள். உடனே இரத்தம் வேண்டும் என்றார்கள். தம்பிராசா சட்டைக்கையை மடித்து நீட்டினான். அவனுடையது பொருந்தவில்லை. டவுனில் அவனுக்கு வேறு யாரைத் தெரியும்? கடைத்தெருவுக்கு ஓடினான். ஜெமீல் பாமசியைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவனுடையது பொருந்தியது. கட்டிலில் படுக்க வைத்து எடுத்தார்கள். எடுத்ததைச் சுடச்சுடக் கொண்டுபோய்ப் புஸ்பராணிக்கு ஏற்றினார்கள். தாதி ஜெமீலிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டதோடு சரி. அதற்குமுன் யாரும் சத்தியப் பிரமாணம் கேட்கவில்லை. தம்பிராசாவைப் பார்த்து உமக்கு விளங்கீட்டுதா என்று ஒருவரும் கேட்கவில்லை. விடிவதற்குள் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

இவ்வளவோடு கதை முடிந்திருக்கும். ஆனால் சபை விடுமா? முதன்மை விளங்குநருக்குப் பிள்ளை பிறந்த செய்தி ஊரில் பரவியதும், டொக்டர் ஞானசேகரம் படப்பிடிப்பாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆனந்தராசாவும் தானுமாக வார்ட்டுக்கு வந்துவிட்டார்.

“விளங்கியவர் வீட்டில் பிறந்த முதல் குழந்தை!” என்று வாசலிலிருந்தே அறிவித்துக்கொண்டு வந்தார். “ஆண்டறிக்கையின் அட்டையில் போடவேண்டும். அம்மா, போத்தலைக் கையில் பிடித்தபடி குழந்தையோடு ஒரு படம்.”

புஸ்பராணி வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தாள். கட்டிலருகில் ஜெமீல் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். போத்தல் சிறிய அலுமாரியின் மேல் இருந்தது. வழியெல்லாம் தம்பிராசா இறுக்கிப் பிடித்திருந்ததில், வியர்வைக்குத் தங்க லேபிள் உரிந்து போய்விட்டது. அடியில் இருந்த பாமசித் துண்டின் அரைவாசி தெரிந்தது.

டொக்டர் போத்தலைக் கையிலெடுத்தார். அதைப் பார்த்தார், ஜெமீலைப் பார்த்தார், முகம் சிவந்தது.

“என்ன இது? முதல் இலட்சணம், மூடி! வெடித்திருக்கிறது! பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது! இரண்டாவது இலட்சணம், லேபிள்! கிழிந்த கடைத் துண்டு!” மூடியைத் திறந்து முகர்ந்தார். “சீ! நாற்றம்! இதைத் தின்றால் இரத்தம் ஊறாது, இருக்கிற இரத்தமும் வற்றும்! பிள்ளை பெற்றவளுக்கு இந்த நஞ்சைக் கொடுக்க எப்படி மனம் வந்தது? யார் தந்தது இதை? இவனா?”

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. ஜெமீல் தோடம்பழச் சுளையோடு அப்படியே இருந்தான்.

“நீங்கள்தான் டொக்டர்,” என்றாள் புஸ்பராணி. குரல் மெலிந்திருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. “மேடையில வைச்சு உங்கட கையாலதான் தந்தனீங்களாம்.”

டொக்டர் ஞானசேகரம் போத்தலைத் திருப்பினார். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தங்கத் தாளின் துணுக்கு ஒன்று மின்னியது. ஆனந்தராசா மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். படப்பிடிப்பாளர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு படம் எடுத்துவிட்டார்.

டொக்டர் மெல்ல மூடியைப் பூட்டினார். பிளாஸ்டரைப் பெருவிரலால் ஒருதரம் அழுத்திவிட்டார். தொண்டையைச் செருமினார்.

“அப்படியென்றால்,” என்றார், “தரம் சரி.”

தம்பிராசா எழுந்து போய் அவர் கையிலிருந்து போத்தலை வாங்கினான். சட்டைப்பையில் இருந்த அட்டையை எடுத்து அந்தக் கையிலேயே வைத்தான்.

“விளங்கீட்டுது, டொக்டர்,” என்றான்.

எத்தனையோ புதன்கிழமைகளுக்குப் பிறகு அதை அவன் மெய்யாகச் சொன்னது அன்றுதான். அன்று யாரும் கைதட்டவில்லை. அவன் போத்தலைத் திறந்து ஒரு குளிசையை எடுத்தான். ஜெமீல் கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். புஸ்பராணி குளிசையை வாயில் போட்டு விழுங்கினாள்.